பழைய பத்திரங்களையும் கடிதங்களையும் வெட்டி நெய்யலாமா?

ஊடைநூல் (இழையைத் தொடங்கியவர்):

எங்கள் குடும்பத்துத் தகரப்பெட்டி என் பொறுப்புக்கு வந்திருக்கிறது. கிரயப் பத்திரங்கள், பாகப்பிரிவினைப் பத்திரம், தீர்வை ரசீதுகள், எப்போதோ மூடிவிட்ட மளிகைக் கடையின் பேரேடுகள். அடியில் ரப்பர் வளையம் இற்றுப்போன ஒரு கட்டு இன்லேண்டு கடிதங்கள். பத்திரங்கள் ஆண்கள் பெயரில் இருக்கின்றன. கடிதங்கள் எல்லாம் அத்தைகளும் பாட்டியின் தங்கைகளும் எழுதியவை.

எல்லாவற்றையும் கீற்றுகளாக வெட்டி நூலாக முறுக்கி, ஆண்களின் தாளைப் பாவாகவும் (நீளவாக்கு இழை) பெண்களின் தாளை ஊடையாகவும் (குறுக்கு இழை) வைத்து, ஆளுயரத்துக்கு ஒரே துணியாக நெய்ய எண்ணியிருக்கிறேன். வீட்டுப் பெண்களைப் பற்றிய வேலை. ஜப்பானில் தாள்நூலால் நெய்யும் ஷிஃபு துணியையும் கொரியாவில் பழைய புத்தகத் தாளை முறுக்கிக் கூடை பின்னுவதையும் பற்றிப் படித்ததிலிருந்து இந்த எண்ணம் விடவில்லை.

அசலை வெட்டலாமா, நகலே போதுமா? தறி தெரிந்தவர்களும் ஆவணம் தெரிந்தவர்களும் எழுதுங்கள். "அருமை, வாழ்த்துகள்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள்.

சென்னிமலை:

முதலில் தறியின் பக்கத்திலிருந்து ஒரு தடை. பாவு நூல் விறைப்பாக இழுபட வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் அச்சுப் பல்லில் உரச வேண்டும். தாள்நூலுக்கு அந்தத் தெம்பு குறைவு. ஷிஃபு நெய்தவர்கள் பெரும்பாலும் பருத்தியிலோ பட்டிலோ சணல் வகை நாரிலோ பாவு ஓட்டி, தாளை ஊடைக்கு மட்டும் வைத்தார்கள். இரண்டு பக்கமும் தாளாக நெய்ததும் உண்டு, அதற்கு மொரோஜிஃபு என்று தனிப்பெயர். நன்றாகக் கை பழகியவர்களால்தான் அது முடியும். ஆகவே உங்கள் ஆண் பாவு, பெண் ஊடை ஏற்பாடு எழுத நன்றாக இருக்கும், தறியில் அறுந்துகொண்டே இருக்கும்.

செய்முறையைச் சொல்கிறேன். தாள் கோசோ எனப்படும் காகித மல்பெரியின் பட்டை நாரில் செய்தது. அதை மடிப்பு மடிப்பாக மடித்து இரண்டு, மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் வெட்டுவார்கள். இரண்டு ஓரங்களிலும் வெட்டு போகக்கூடாது. ஈரத்துணியில் சுற்றி ஓரிரவு வைத்து, கல்லின் மேல் போட்டு உள்ளங்கையால் உருட்டுவார்கள். தட்டையான கீற்றுகள் உருண்டு திரளும். பிறகு வெட்டாமல் விட்ட ஓரங்களை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கிழித்துக்கொண்டே போனால் ஒரு முழுத் தாளும் அறுபடாத ஒரே நூலாகிவிடும். கிழித்த இடங்களை விரலால் திருகிச் சரிசெய்து, ராட்டையில் முறுக்கு ஏற்றுவார்கள். இந்த உத்தியைக் கண்டுபிடித்த கைக்கு நான் கும்பிடு போடுகிறேன். யார் என்று எங்கும் எழுதிவைக்கவில்லை.

மியாகி மாகாணத்து ஷிரோஇஷி ஊரின் ஷிஃபு, ஷோகுனுக்குக் காணிக்கையாகப் போகும் அளவுக்கு மெல்லியது. உழவர் வீடுகளில் நெய்த முரட்டுத் துணியின் கதை வேறு. வியாபாரிகள் கழித்த கணக்கேட்டுத் தாள்கள்தான் அதற்கு மூலப்பொருள். எழுதியிருந்த மை துணியில் சாம்பல் புள்ளிகளாகத் தெரியும். துவைக்கலாம், கரையாது.

வெட்டுக்கிளி:

சென்னிமலை அண்ணா கடைசியில் சொன்னதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். யாரோ யாருக்கோ கொடுத்த கடன் எழுதிய தாளை உடுத்திக்கொண்டு அவர்கள் வயலுக்குப் போனார்கள். பக்கத்தில் "நினைவு" என்று அட்டை எழுதி ஒட்டவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது நார்.

இப்போது எந்தக் கலைக்கூடத்துக்குப் போனாலும் பழுப்பேறிய தாள் தொங்குகிறது. தேநீரில் நனைத்துப் பழுப்பாக்கியதும் அதில் உண்டு. தாள் பழையது, அதனால் உணர்ச்சி தானாக வந்துவிடும் என்ற சோம்பேறித்தனம். பாட்டியின் பெயரைச் சொன்னால் யாரும் குறை சொல்லத் துணிய மாட்டார்கள் என்பது கூடுதல் பாதுகாப்பு. ஊடைநூல் அக்கா கோபிக்கக்கூடாது: உங்கள் அத்தைகள் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள்? படித்துவிட்டீர்களா?

ஊடைநூல்:

கோபம் வரத்தான் செய்கிறது. பாதி படித்திருக்கிறேன். பெரும்பாலும் உடம்பு, மழை, யாருக்கு எந்த மாதம், "அண்ணன் வந்தால் கொடுத்தனுப்பவும்". ஒன்றில் மட்டும் நான்கு வரிகளை அடித்து, மேலே மையை ஊற்றி மறைத்திருக்கிறார்.

ஹான்நதிக்கரை:

கொரியாவின் சியோலில் வேலை பார்க்கிறேன். இங்குள்ள விஷயத்தைச் சொன்னால் வெட்டுக்கிளிக்குப் பாதி பதில் கிடைக்கும், பாதி கிடைக்காது.

தாளைக் கீற்றாக்கி முறுக்கிப் பின்னுவதற்கு இங்கே ஜிசுங் என்று பெயர். ஜோசோன் மன்னர்கள் ஆண்ட காலத்தில் தாள் விலையுயர்ந்த பொருள்; பழைய புத்தகங்களைப் பிரித்து மறுபடி பயன்படுத்துவது சாதாரணம். கூடை, பை, தட்டு எல்லாம் பின்னினார்கள். நான் அருங்காட்சியகத்தில் நெடுநேரம் நின்று பார்த்தது மணப்பெண்ணின் பல்லக்குக்குள் வைக்கும் சிறுநீர்க் கலம். தாள் கயிற்றால் பின்னி, நீர் கசியாதபடி அரக்குப் பூசியது. பித்தளையைவிட எடை குறைவு, சத்தமும் வராது. வெளியே பல்லக்குத் தூக்கிகள் நடந்துகொண்டிருக்கிறார்கள் அல்லவா? கன்ஃபூசிய நூல் படித்த வீட்டின் தாள், அந்த நூலைப் படிக்க அனுமதிக்கப்படாத பெண்ணின் அவசரத்துக்கு உதவியிருக்கக்கூடும் என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் கலத்தை எந்தக் காலக் கலைஞரும் மிஞ்ச முடியாது என்பது என் கட்சி.

இதே காலத்தில் பெண்களின் எழுத்து வேறு வழியில் போனது. 1446-இல் அறிவிக்கப்பட்ட ஹங்குல் எழுத்தைப் படித்த ஆண்கள் நெடுங்காலம் மதிக்கவில்லை. பெண்கள் அதில் எழுதினார்கள். தென்கிழக்கில் உள்ள யோங்நாம் பகுதியில் உள்ளறைப் பெண்கள் எழுதிய நெபாங் கசா பாடல்கள் நீண்ட தாள் சுருள்களில் இருக்கின்றன. புகுந்த வீட்டுத் துயரம், பிறந்த வீட்டு ஏக்கம், மகளுக்குப் புத்திமதி எல்லாம் அதில் வரும். படியெடுத்துப் படியெடுத்துக் கைமாற்றினார்கள். 2022-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் நினைவுப் பதிவேட்டில் அவை சேர்க்கப்பட்டன. யாரும் அவற்றை வெட்டிக் கூடை பின்னச் சொல்ல மாட்டார்கள்.

இன்றைய கலையில் இங்கே பெரிய பெயர் 1944-இல் பிறந்த சுன் குவாங் யங். முக்கோண நுரைத் துண்டுகளைப் பழைய புத்தகத் தாளில் பொட்டலம் கட்டி, தாள் கயிற்றால் சுற்றி, ஆயிரக்கணக்கில் அடுக்குகிறார். உறவினர் ஒருவரின் மருந்துக் கடையில் கூரையிலிருந்து தொங்கிய மருந்துப் பொட்டலங்கள்தான் அதன் தொடக்கம் என்று அவரே சொல்லியிருக்கிறார். தாளை வெட்டினாலும் எழுத்து வெளியே தெரிய மடிக்கிறார். நன்றாகவே இருக்கும், ஆனால் நான் அந்தக் கலத்துக்கே திரும்பிப் போவேன்.

தாள்பூச்சி:

ஆவணப் பாதுகாப்பில் வேலை பார்ப்பவள். என் தொழில்படி "எதையும் வெட்டாதே" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். அப்படிச் சொல்லப் போவதில்லை.

எந்தத் தாளுக்கு இன்னொரு பிரதி இருக்கிறது என்று பாருங்கள். பதிவு செய்த கிரயப் பத்திரம் தொலைந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுச் சான்றிட்ட நகல் வாங்கலாம். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் அதற்காகத்தான் புத்தகம் வைத்துப் படியெடுக்கச் சொல்கிறது. தாத்தாவின் நிலத்தை அரசாங்கம் நினைவில் வைத்திருக்கும். அத்தையின் இன்லேண்டுக்கு உலகத்தில் ஒரே பிரதிதான். நீங்கள் இரண்டையும் ஒரே கத்தியில் வெட்டப் பார்க்கிறீர்கள். கடிதத்தை வெட்டினால், பெண்களின் நினைவுக்காகச் செய்யும் வேலையில் அழியப்போவது பெண்களின் எழுத்து மட்டும்தான்.

அச்சுக் கலைஞர் சரீனா ஹாஷ்மியை இங்கே யாரும் சொல்லாதது எனக்கு வியப்பு. அலிகாரில் 1937-இல் பிறந்தவர், 2020-இல் மறைந்தார். பிரிவினைக்குப் பின் குடும்பம் கராச்சிக்குப் போய்விட்டது, இவர் ஊர் ஊராக அலைந்து நியூயார்க்கில் தங்கினார். அக்கா ராணி இவருக்கு உருதுவில் எழுதி, அஞ்சலில் சேர்க்காமலே வைத்திருந்த கடிதங்கள் பின்னாளில் கைக்கு வந்தன. பெற்றோரின் மரணம், விற்றுப்போன வீடு. 2004-இல் அவற்றை வைத்து எட்டு அச்சுகள் செய்தார். கடிதத்தைக் கத்தரிக்கோல் தொடவில்லை. கையெழுத்தை உலோகத் தகட்டில் ஏற்றி, அதன் மேல் வீட்டின் வரைபடத்தையும் ஊர்களின் வரைபடத்தையும் மரச்செதுக்கில் போட்டு, கோசோ தாளில் அச்செடுத்தார். உருது தெரியாதவருக்கு வரிகள் கோடுகளாகத் தெரியும், தெரிந்தவர் எட்டிப் படிக்கப் பார்த்தால் வீட்டின் சுவர் குறுக்கே நிற்கும். அக்காவின் கடிதம் அப்படியே இருந்தது, தங்கையின் வேலையும் நடந்தது.

வெட்டுக்கிளி:

ஒப்புக்கொள்கிறேன், சரீனா வேறு தரம். ஆனால் நகலெடுத்த தாளில் நெய்தால் அது அலங்காரத் துணி. அசல் அழிகிறது என்ற பதற்றம் இல்லாவிட்டால் இந்த வகைக் கலையில் மிச்சம் என்ன?

தாள்பூச்சி:

பதற்றம் பார்வையாளருக்கு வேண்டுமென்றால் அவரவர் வீட்டுப் பெட்டியை வெட்டிக்கொள்ளட்டும்.

வலிகாமம்:

தாள்பூச்சி அக்கா சொன்ன "பத்திரம் ஆணுடையது, அதற்கு நகல் இருக்கிறது" என்பதை எங்கள் பக்கத்துக்கு அப்படியே கொண்டுவர முடியாது.

யாழ்ப்பாணத்தில் தேசவழமை என்ற தமிழர் வழக்குச் சட்டப்படி சீதனக் காணியும் வீடும் மகளுக்குப் போகும். காணி உறுதியில் (நிலப் பத்திரத்தில்) இருப்பது அம்மாவின் பெயர், அதற்கு முன் அம்மம்மாவின் பெயர். பெருமைப்பட்டுக்கொள்ள அவசரப்பட வேண்டாம்: 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தன் பெயரில் உள்ள காணியை விற்பதற்கே மனைவிக்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். பெயர் அவளுடையது, கையெழுத்து இரண்டு பேருடையது.

நகல் விஷயமும் அப்படித்தான். போரில் 1995 அக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதி முழுவதும் கிழக்கே தென்மராட்சி நோக்கி நடந்தபோது, பலர் மடியில் கட்டிக்கொண்டு போனது காணி உறுதியும் பிறப்புச் சாட்சிப் பத்திரமும்தான். கந்தோரே (அலுவலகமே) எரிந்த ஊர்கள் உண்டு. ஓவியர் சனாதனன் 2011-இல் வெளியிட்ட தோம்பு வேலையில், இடம்பெயர்ந்தவர்கள் இழந்த வீட்டின் அமைப்பை நினைவிலிருந்து வரைந்து கொடுத்தார்கள். கிணறு எங்கே, மாமரம் எங்கே என்று கோணல்மாணலாகக் கீறியவை. அவற்றுக்குப் பக்கத்தில் கட்டடக் கலைஞரின் ஒழுங்கான வரைபடமும் சனாதனனின் ஓவியமும் வரும். ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேட்டின் பெயரை அதற்கு வைத்ததில் எவ்வளவு கசப்பு இருக்கிறது என்பது எங்களுக்குப் புரியும். அங்கே தாளை வெட்டும் பேச்சே இல்லை. தாள் இல்லாதவர்கள் தாள் செய்தார்கள்.

அரைப்பேர்:

இலங்கைத் தேயிலைத் தோட்டங்கள் உள்ள மலையகத்திலிருந்து எழுதுகிறேன். தாள் என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் வீடுகளில் வயிற்றைக் கலக்கும்.

தொழிலாளர் எவ்வளவு கடன்பட்டிருக்கிறார்கள், அதை அடைத்தால் விடுவிப்போம் என்று துரை எழுதிக்கொடுத்த சீட்டின் பெயர் துண்டு. ஒரு குடும்பத்தையே தோட்டம்விட்டுத் தோட்டம் கைமாற்றிய தாள், 1921-இல்தான் ஒழிந்தது. 1948-இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது அப்பன் பாட்டன் இங்கே பிறந்ததற்குத் தாள் காட்டு என்றார்கள். லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) பிறந்தவளுக்கு யார் தாள் எழுதி வைத்தார்கள்? 1964 இந்திய இலங்கை ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு எடுத்துக்கொள்வதாகப் பேசி முடித்தார்கள். அக்காள் இங்கே, தங்கை அங்கே என்று எத்தனையோ குடும்பங்கள் பிரிந்தன.

எங்கள் பெண்களின் பெயர் நாள் தவறாமல் எழுதப்பட்ட ஒரே இடம் செக்ரோல், தோட்டத்தின் வருகைப் பதிவேடு. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். பெயரை எழுதினார்களே தவிர, அந்தச் சம்பளத்தை நெடுங்காலம் புருஷன் கையில்தான் கொடுத்தார்கள். ஹட்டனைச் சேர்ந்த ஹனுஷா சோமசுந்தரம் பயன்படுத்தி முடித்த தேயிலைப் பைகளிலும் வடிகட்டிகளிலும் வேலை செய்கிறார். அந்தப் பையும் ஒரு தாள்தான். எழுத்து இல்லை, கறை இருக்கிறது. பழைய செக்ரோல் ஒன்று என் கையில் கிடைத்தால் நான் அதை வெட்ட மாட்டேன், வெட்டுகிறவரைத் தடுக்கவும் மாட்டேன். இரண்டு எண்ணமும் ஒன்றாகத்தான் வருகிறது.

ஊடைநூல்:

இந்த இழை இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை. வலிகாமமும் அரைப்பேரும் எழுதியதைப் படித்துவிட்டுப் பெட்டியை மறுபடி திறந்து பத்திரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

பாகப்பிரிவினைப் பத்திரத்தின் பின்னால் ஒரு விடுதலைப் பத்திரம் ஒட்டிக்கொண்டிருந்தது. "எனக்குச் சேரவேண்டிய பாகத்தைப் பொறுத்து யாதொரு உரிமையும் பாத்தியமும் இல்லை" என்று மூன்று சகோதரிகள் எழுதிக்கொடுத்தது. எழுதியவர் பத்திர எழுத்தர்தான். அவர்கள் மூவரும் பெருவிரல் ரேகை வைத்திருக்கிறார்கள். ஆண்களின் தாள் என்று நான் வெட்டத் தயாராக வைத்திருந்த கட்டில் இது இருந்தது. அந்தக் கடிதங்களை எழுதிய அத்தைகளில் ஒருவரும் இதில் இருக்கிறார். இவ்வளவு கடிதம் எழுதத் தெரிந்தவரிடம் ஏன் கையெழுத்தோடு நிறுத்தாமல் ரேகையும் வாங்கினார்கள்?

தாள்பூச்சி:

பதிவின்போது ரேகை எல்லோரிடமும் வாங்குவார்கள், எழுதப் படிக்கத் தெரிந்தவரிடமும். அதில் ஐயப்பட ஒன்றுமில்லை. ஆனால் சான்றிட்ட நகலில் வாசகம் வரும், அவர் விரலிலிருந்து பட்ட மை வராது. பதிவு அலுவலகத்தில் ரேகைக்குத் தனிப் பதிவேடு இருந்தாலும் அதை உங்கள் கையில் கொடுக்க மாட்டார்கள். ஆகவே அந்தப் பத்திரம் வெட்டும் பட்டியலிலிருந்து வெளியே வரட்டும்.

சட்டக் காரணமும் ஒன்று. 1989-இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு வந்த தமிழ்நாட்டுத் திருத்தம் மகள்களைக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்காளி ஆக்கியது, அதற்கு முன் மணமானவர்களை விட்டுவிட்டது. 2005-இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டது. விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கும் வழக்கம் மட்டும் இரண்டுக்கும் பிறகு நிற்கவில்லை. உங்கள் தாளின் தேதியைப் பார்த்துவிட்டு ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். கலை காத்திருக்கும்.

வெட்டுக்கிளி:

பத்திரம் போயிற்று, கடிதம் போயிற்று. இனி மளிகைக் கடைப் பேரேடுதான். ஷிஃபு நெய்த உழவர் வீட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டோம், எனக்கு மகிழ்ச்சி.

ஊடைநூல்:

பேரேட்டைப் புரட்டினேன். பற்று வைத்தவர்கள் பெயரில் பாதிக்கு மேல் "இன்னார் சம்சாரம்", "மேலத்தெரு டீச்சரம்மா", "கிணற்றடி வீட்டம்மா". சர்க்கரை கால் கிலோ, சோப்பு ஒன்று, பாக்கி நிற்கிறது. ஒரு தெருப் பெண்களின் கடன் முழுவதும் இதில் இருக்கிறது. அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்றும் அதே தெருவில்தான் குடியிருக்கிறார்கள். இதைத் துணியாக்கித் தொங்கவிட்டால் வரிகள் படிக்கக் கிடைக்குமா, கிடைக்காதா என்பது எனக்கு இப்போது முக்கியமாகிவிட்டது.

சென்னிமலை:

மூன்று மில்லிமீட்டரில் வெட்டி முறுக்கினால் ஒருவராலும் படிக்க முடியாது. புள்ளிதான் மிஞ்சும்.

ஆனால் வேறு சிக்கல். ஜப்பானியக் கணக்கேட்டில் இருந்தது புகைக்கரி மை, ஈரத்தில் ஓடாது. உங்கள் பேரேடு ஊற்றுப்பேனா என்றால் நனைத்த துணியில் சுற்றிய அன்றே நீலம் கரைந்து தாள் முழுக்கப் பரவிவிடும். நாரும் அப்படித்தான். கோசோ நார் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் நீளம், மரக்கூழ் நார் அதில் பாதிகூட வராது. முறுக்கும்போது உதிரும்.

தாள்பூச்சி:

எழுதாத ஓரத்தில் ஒரு துண்டு எடுத்து மடித்துப் பாருங்கள். மடிப்பில் உடைந்தால் அமிலம் தின்றுவிட்டது, நூலாகாது. உடையாவிட்டால் ஓர் எழுத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு வெள்ளை ஒற்றுத்தாளால் ஒற்றுங்கள். இதற்கெல்லாம் முன்பாக எல்லாப் பக்கங்களையும் இரண்டு புறமும் படமெடுங்கள்.

ஊடைநூல்:

மடித்தேன், உடையவில்லை. சொட்டு விட்டேன். "கிணற்றடி" என்ற சொல்லில் பாதி ஒற்றுத்தாளுக்கு வந்துவிட்டது. அதைத் தூக்கிப்போட மனம் வரவில்லை, எடுத்து வைத்திருக்கிறேன். நனைக்காமல் முறுக்க வழி உண்டா, சென்னிமலை அண்ணா?

சென்னிமலை:

உண்டு. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் ஈரத்துணி, மேலே கம்பி வலை, வலையின் மேல் தாள். தண்ணீர் தொடக்கூடாது, ஆவி மட்டும் ஏறட்டும். தாள் கொஞ்சம் துவண்டதும் எடுத்து உடனே உருட்டுங்கள். கல்லில் வேண்டாம், பலகையில். ராட்டை இல்லாவிட்டால் தக்ளி (கையால் சுழற்றும் கதிர்) போதும். பாவுக்கு இருபதாம் நம்பர் பருத்தி, இரண்டு இழை சேர்த்தது, கஞ்சி போட்டு ஓட்டுங்கள். ஒரு முழம் நெய்துவிட்டுப் படம் போடுங்கள். அறுந்த இடங்களையும் சேர்த்து எடுங்கள், அப்போதுதான் முறுக்கு எங்கே போதவில்லை என்று சொல்ல முடியும்.